சாய்ந்தமருதில் இரண்டு பேர் கதைத்த ஜப்பான் மொழி

உம்மா,

நேற்று லுஹர் தொழுதுவிட்டு இயர்போனைத் தேடி அலுமாரி இழுப்பறையைத் திறந்தேன். வயர் சிக்குப்பட்டுக் கிடந்தது. பிரித்து ஒரு பக்கத்தைக் காதுக்குக் கொண்டுபோனேன். கருஞ்சீரக எண்ணெய் மணத்தது. அது நான் போடும் பக்கம் இல்லை, உங்கள் பக்கம். நீங்கள் மௌத்தாகி ஒரு மாரி மழை முழுசாகப் பெய்து ஓய்ந்துவிட்டது. உங்கள் உடுப்புகளை எல்லாம் கொடுத்தாயிற்று. கட்டிலையும் கழற்றிச் சுவரோடு சாத்தியாயிற்று. அந்தச் சின்ன ரப்பர் குமிழில் மட்டும் உங்கள் தலை வாசம் போகாமல் இருந்திருக்கிறது.

அதைத் துடைக்க மனம் வரவில்லை. என் பக்கத்தை மாட்டிக்கொண்டு மற்றதைக் கழுத்தில் தொங்கவிட்டேன். ஜப்பானிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் சுலைஹா ராத்தா மீன் கழுவி மண்ணில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. உங்கள் மகன், என் காக்கா, கட்டாரிலிருந்து துஆ செய்வதாகச் செய்தி போட்டிருந்தார். அவ்வளவுதான்.

அந்த அழைப்பில் என்ன நடந்தது என்று உங்களிடம் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் விளங்கும். இந்தக் கரையில் நான் ஜப்பான் மொழியில் கதைத்த ஒரே ஆள் நீங்கள்.

வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஏனென்றால் உங்களுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் கதை என்றால் நீங்கள்தான் என்று ஊருக்கே தெரியும். வாப்பா போன பிறகு மருதமுனைச் சாரன்களையும் சேலைகளையும் பெரிய பையில் திணித்துக்கொண்டு காரைதீவு, நிந்தவூர், அம்பாறை டவுன் என்று வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீட்டு மருமகளின் பிள்ளைப்பேறு வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் பையை அவிழ்ப்பீர்கள். "நான் சாரன விக்கல்ல மகள், கதையத்தான் விக்கிறன். சாரன் அதோட சும்மா போற" என்பீர்கள். அம்பாறைச் சிங்களப் பெண்களிடம் விற்று விற்றே சிங்களம் பழகினீர்கள். எவ்வளவு பிழையாகக் கதைப்பீர்கள் என்று நான் வெட்கப்பட்டால், "பிழையாக் கதைச்சா சிரிப்பாங்க. சிரிச்ச மனிசி வாங்காம உடமாட்டா" என்று எனக்கே பாடம் சொல்வீர்கள்.

அந்த வாய் ஒரு காலையில் நின்றுபோனது. பையைத் தூக்கக் குனிந்தீர்கள். வலது கை எழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தீர்கள். ஒன்றும் வரவில்லை. உங்கள் முகத்தில் வலி தெரியவில்லை. நடுச்சந்தியில் யாரோ உங்கள் பையைப் பறித்துக்கொண்டு ஓடியதுபோல ஒரு திகைப்புத்தான் தெரிந்தது. ஆட்டோவில் கல்முனைக்கு உங்களைக் கொண்டுபோகும் வழியெல்லாம் நீங்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தீர்கள்.

வார்டில் ஒரு விடியற்காலை நீங்கள் சூரா பாத்திஹாவை ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதினீர்கள். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நான் அழுதேவிட்டேன். "உம்மா, என்ன வேணும், சொல்லுங்க" என்றேன். உதடு அசைந்து நின்றது. கண்ணால் போத்தலைக் காட்டினீர்கள். ஒரு சூராவை முழுதாக ஓதிய நாக்குக்குத் தண்ணி என்ற ஒரு சொல் அகப்படவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த மிஸ்தான் விளங்கப்படுத்தினா. அவ "வாழைப்பழம்" என்று சொன்னதும் நீங்கள் தெளிவாக "வாழைப்பழம்" என்றீர்கள். பிறகு பழத்தைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்டா. நீங்கள் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"உம்மாக்கு எல்லாம் விளங்குது. நாம சொன்னாத் திருப்பிச் சொல்லுவா. மனப்பாடமா இருக்கிறதும் வரும்" என்றா மிஸ். "தானா ஒரு கதைய எடுக்கிறதுதான் அவவுக்கு ஏலாது. வீட்டுக்குள்ள சாமான் எல்லாம் இருக்கு, வாசல்தான் பூட்டு. நிறையக் கதை குடுங்க. ஆனா ஒண்டு, அவ சொல்ல வாறத்த நீங்க முடிச்சுக் குடுக்க வேணாம். எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொறுத்து நில்லுங்க."

அந்த மாதம் நான் கொழும்புக்குப் போக இருந்தவள். முதியவர்களைப் பராமரிக்கும் பயிற்சியைக் கல்முனையில் முடித்திருந்தேன். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் வேலை இருந்தது. அதற்கு வேண்டிய மொழியைக் கொழும்பில் ஒரு வகுப்பில் தங்கிப் படிக்கப் பெயர் கொடுத்திருந்தேன். கட்டிவைத்த பையை நான் அவிழ்த்து உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கும்போது நீங்கள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு உடுப்பையும் பார்த்தீர்கள்.

பிறகு போனை வைத்து நானாகப் படிக்கத் தொடங்கினேன். எழுத்துகளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அவை எப்படியோ பழகிவிட்டன. வாக்கியமும் நம் மொழியைப்போல வினையைக் கடைசியில் வைத்துத்தான் முடிந்தது. அதில் எனக்கு ஒரு சொந்தம் தெரிந்தது. காதும் வாயும்தான் சொல் கேட்கவில்லை. பாடத்தில் மெதுவாகச் சொன்னால் விளங்கும். அதே வாக்கியத்தை இரண்டு பேர் சாதாரணமாகக் கதைத்தால், அக்கரைப்பற்று பஸ் நிற்காமல் ஓடும்போது ஜன்னல் வழியாக விழும் கதையைப்போல ஒரு சொல் காதில் பட்டு மற்றதெல்லாம் காற்றோடு போய்விடும்.

கதைப்பது அதைவிட மோசம். கதைக்க ஆள் வேண்டும். சந்தையில் ஒருத்தி இருந்தால் பிழையாகவாவது கதைக்கலாம். ஜப்பான் மொழி தெரிந்த ஒரு முகம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? கோழிகளுக்கு அரிசி போட்டுக்கொண்டே வணக்கம் சொன்னேன். கடற்கரையில் தோணிகளைக் கும்பிடாத குறையாக என் பெயரையும் ஊரையும் அறிமுகம் செய்தேன். அலைச் சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ஒரு மொழியைத் தனியே படிப்பது எவ்வளவு பெரிய தனிமை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு சொல்லைப் பாடுபட்டுப் படித்து வாய்க்குக் கொண்டுவருவோம். அதை வாங்கிக்கொள்ள எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒலிப்பதிவில் வரும் பெண் கதைக்கக் கதைக்க, அவள் முடிக்குமுன்பே அதே சொல்லை அதே ராகத்தில் பின்தொடர்ந்து சொல்லும் ஒரு பயிற்சி உண்டு. அதில் நான் கெட்டிக்காரி. அவள் சொன்னால் அட்சரம் பிசகாமல் சொல்வேன். அவளை நிறுத்திவிட்டு நானாக ஒரு வாக்கியம் தொடங்கு என்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் சமையலறையில் அப்படி நின்றபோது, அடுத்த அறையில் நீங்கள் வாயைத் திறந்தபடி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பது வாசல் வழியே தெரிந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில் அகப்பட்டிருக்கிறோம் என்று அந்த நேரம் எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு உங்கள் கட்டிலில் வந்து உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். கச்சான் காற்று அள்ளிக்கொண்டு வரும் காலம். புழுதிக்கு ஜன்னலைச் சாத்தியிருந்தோம். பாடத்துப் பெண் சொன்னாள், "தைஜோபு தேசு கா." சுகமாக இருக்கிறீர்களா என்று அர்த்தம். நான் திருப்பிச் சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரல் வந்தது: "தைஜோபு தேசு கா."

திரும்பிப் பார்த்தேன். நீங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்ததைச் சொன்னேன். அதையும் சொன்னீர்கள். ஒருபக்கம் இழுத்துப்போன உதட்டோடு, உங்கள் நிந்தவூர் யாவாரக் குரலில். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு நீங்கள் சிரித்தது அன்றுதான். இயர்போனில் ஒன்றைக் கழற்றி உங்கள் காதில் வைத்தேன். தலையை என் தலையோடு ஒட்டிக்கொண்டீர்கள். வயர் கட்டையாக இருந்ததால் அப்படித்தான் இருக்கவேண்டியிருந்தது.

உங்களுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் உங்கள் காதுக்கு இணையாக ஒரு காதை நான் பிறகும் காணவில்லை. அந்த மொழியில் ஒரு சொல்லைக் கொஞ்சம் நீட்டினால் ஆளே மாறிவிடும். 'ஒபசான்' என்றால் மாமி. 'ஒபாசான்' என்றால் மூத்தம்மா, பாட்டி. எனக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். நான் குறுக்கிச் சொன்னால் உங்கள் இடது கை கட்டிலில் ஒருமுறை தட்டும். திரும்பச் சொல்வேன். திரும்பவும் தட்டும். சரியாக வந்ததும் கை பேசாமல் இருக்கும். சுலைஹா ராத்தா ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னகா இது, மந்திரமா படிக்கிறயள் ரெண்டு பேரும்?" என்று கேட்டா. நீங்கள் அவவைப் பார்த்து, கேட்ட கேள்வியை அப்படியே திருப்பி, "மந்திரமா படிக்கிறயள்?" என்றீர்கள். ராத்தா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டா.

பாடத்துப் பெண் ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு "மோ இச்சிதோ" என்பாள். இன்னொரு தடவை என்று அர்த்தம். ஒரு மாலையில் உங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அணைந்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வெறுங்கோப்பையை நீட்டி "மோ இச்சிதோ" என்றீர்கள்.

யாரும் சொல்லக் கேட்டுச் சொன்னது இல்லை. நீங்களாக எடுத்த சொல். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். ஒரு பக்கம் சந்தோஷம். மறுபக்கம் நெஞ்சுக்குள் ஏதோ குத்தியது. வாழ்நாள் முழுக்கக் கதைத்த மொழியில் திறக்காத வாசல், அர்த்தமே தெரியாத ஒரு மொழியில் திறந்திருக்கிறது. அது ஏன் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். சில பேருக்கு அப்படியும் வரும், எந்தப் பக்கத்தால் வந்தாலும் வரட்டும், உள்ளே விடுங்கள் என்றா.

காக்காவுக்கு அது பிடிக்கவில்லை. போனில் நீங்கள் அவரிடமும் "மோ இச்சிதோ" என்று சொல்லிவிட்டீர்கள். அவர் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உம்மாக்கு என்ன செஞ்சி வெச்சிருக்காய் நீ? என்ட பேரச் சொல்ல அவவுக்கு ஏலாது, ஜப்பான் கதைக்கிறா. உன்ட படிப்ப ஒரு பக்கத்தில வெச்சிட்டு முதல்ல அவவுக்குத் தமிழ வரப் பண்ணு."

தூரத்தில் இருப்பவருக்கு வருத்தம் அப்படித்தான் கோபமாக வரும். ஆனாலும் அவர் சொன்னது எனக்குச் சுட்டது. அதோடு பாடத்தை நிறுத்தினேன். படங்களைக் காட்டி "இது கதிரை, இது கதவு" என்று தமிழ் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லக்கூடியதையும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். சோறு ஊட்டினால் இரண்டு வாயோடு போதும் என்று கையால் தள்ளினீர்கள். வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் உங்கள் தனிமைக்குள்ளும் நான் என் தனிமைக்குள்ளும் இருந்தோம். நடுவில் கட்டில் சட்டம் மட்டும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் ரோட்டால் போய்க்கொண்டிருந்த நேரம், நீங்கள் இடது கையால் தலையணைக்குக் கீழே துழாவி இயர்போனை எடுத்தீர்கள். ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டீர்கள். மற்றதை என் பக்கம் நீட்டினீர்கள். நான் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீட்டியபடியே இருந்தீர்கள். பிறகு வாங்கிக்கொண்டேன். காக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்குள் ஒரு விஷயம் நம் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. என் வாய் தெளியத் தெளிய நான் உங்களை விட்டுப் போகும் நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. நீங்கள் என் பிழைக்குக் கட்டிலில் தட்டிய ஒவ்வொரு தட்டும் என்னை இந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்புவதற்கான தட்டு. அது தெரிந்துதான் தட்டினீர்களா என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

முதல் நேர்முகம் வந்தது. போனைச் சுவரில் சாய்த்து வைத்து, தலைச்சீலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். உங்கள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. திரையில் ஓர் ஆணும் நடுத்தர வயதுப் பெண்ணும் மொழிபெயர்ப்பவரும் இருந்தார்கள். பெயர், ஊர், படிப்பு, ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். எல்லாம் நாம் பயின்றவை. உங்களைப் பராமரிப்பதையும் சேர்த்துத் தண்ணீர்போலச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டினார். பிறகு அவர் கேட்டார்: நீங்கள் இங்கே வந்துவிட்டால் உங்கள் அம்மாவை யார் பார்ப்பார்கள்?

கேள்வி விளங்கியது. ஒரு சொல் விடாமல் விளங்கியது. பதில்தான் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் இருந்திருக்காது. வாயைத் திறந்தேன், மூடினேன். அந்த ஆண் மொழிபெயர்ப்பவரிடம் ஏதோ சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதோடு முடிந்தது. இந்த முறை இல்லை என்று, வேலைக்கு ஆள் அனுப்பும் கொழும்பு முகவர் அன்று பின்னேரமே சொல்லிவிட்டார்.

நான் வந்து உங்கள் கட்டில் ஓரத்தில் தலையை வைத்துப் படுத்தேன். உங்களுக்கு அந்தக் கேள்வி விளங்கியிராது. ஆனால் 'ஒகாசான்' என்ற சொல் தெரியும். அம்மா என்று நான் சொல்லித்தந்திருந்தேன். அந்தச் சொல் திரையிலிருந்து வந்ததையும் அதற்குப் பிறகு என் சத்தம் நின்றுபோனதையும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் இடது கை என் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் எதையோ எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நெற்றியில் நரம்பு புடைத்தது. உதடு குவிந்து, விரிந்து, திரும்பக் குவிந்தது. "நீ" என்று வந்தது. நான் முடித்துக் கொடுத்திருக்கலாம். நூறு வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. மிஸ் சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஐஸ்பழக்காரனின் மணி ரோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்தது.

"நீ... போ," என்றீர்கள். மூச்சு வாங்கியது. திரும்பவும் பாடுபட்டீர்கள். "நான்... நிப்பன்."

தமிழில் நீங்களாக எடுத்த முதல் கதை அது. யாரும் சொல்லித்தரவில்லை, யார் சொன்னதையும் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அம்பாறையில் கடைசிச் சாரனையும் விற்று முடித்து வந்த நாட்களில் சாய்வதுபோலத் தலையணையில் சாய்ந்தீர்கள். முகம் வேர்த்திருந்தது.

அடுத்த நாள் உங்களை இன்னொருமுறை சொல்லவைத்துக் காக்காவுக்குக் குரலை அனுப்பினேன். உங்கள் மகன் அழுததை நான் முதன்முதலாகக் கேட்டேன். "நான் குடும்பத்தோட ஊருக்கு வாறன். உம்மாவ நான் பாக்கிறன். நீ திரும்ப எழுதிப் போடு" என்றார். அந்த நாட்கள்தான் நம் நல்ல நாட்கள் உம்மா. தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணி வந்தது. புளி வந்தது. என் பெயர் வந்தது. ஜெஸீலா என்று முழுதாக வராமல் "ஜெஸீ" என்று நின்றது. நான் சின்னதில் கேட்ட பெயர். பின்னேரங்களில் இயர்போனும் ஓயவில்லை.

காக்கா வருவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். சுபஹுக்கு உங்களை எழுப்ப வந்தேன். எழுப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கொண்டுவந்தோம். உங்களைக் குளிப்பாட்டும்போது சுலைஹா ராத்தா தண்ணீர் வார்த்துத்தந்தா. உங்கள் இடது கையை நான்தான் கழுவினேன். லுஹருக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தார்கள். பெண்கள் எல்லாரும் போன பிறகு வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

அதன்பிறகு நான் ஜப்பான் மொழியில் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் யார் திருத்துவார்கள்? பாடம் படிக்கச் சொல்லிப் போன் ஒவ்வொரு பின்னேரமும் மணியடித்து ஞாபகப்படுத்தியது. மணியை நிறுத்தினேன். தமிழிலும் பெரிதாகக் கதைக்கவில்லை. காக்கா விடுமுறையில் வந்து போனார். உம்மா இல்லாத ஊருக்குக் குடும்பத்தைக் கொண்டுவருவதில் அவசரம் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. நானும் கேட்கவில்லை. நம் வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் தெருவரைக்கும் கேட்கும் என்ற அளவுக்கு அமைதி.

மழை முடிகிற சமயம் முகவர் திரும்பக் கூப்பிட்டார். அதே இல்லம், அதே ஆட்கள். திரும்பப் பார்க்க விரும்புகிறார்கள், விருப்பமா என்று கேட்டார். என் வாய் எனக்கு முந்தி ஓம் என்றுவிட்டது.

நேற்று அந்தப் பெண் திரையில் வந்ததும் என்னை அடையாளம் கண்டு தலை குனிந்தார். பெயர், ஊர் ஒன்றும் கேட்கவில்லை. நேரே, உங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"ஹஹா வா நகுநரிமாஷித" என்றேன். என் உம்மா காலமாகிவிட்டார். அந்த வாக்கியத்தை நான் ஒருநாளும் பயின்றதில்லை. தானாக வந்தது.

அந்த ஆண் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண் கையை லேசாக உயர்த்தி அவரை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அவசரப்படுத்தவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. நான் தொடங்கினேன். உம்மாவுக்குப் பாரிசவாத வருத்தம் வந்து சொற்கள் போய்விட்டன என்றேன். நான் இந்த மொழியைத் தனியாகப் படித்தேன், உம்மா கூட இருந்து திருப்பிச் சொன்னார் என்றேன். அவருக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் என் பிழை தெரியும் என்றேன். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் எவ்வளவோ நேரம் போனது. சில இடத்தில் வினையைப் பிழையாக முடித்தேன் என்று சொல்லும்போதே தெரிந்தது. நிறுத்தவில்லை. அவர்கள் கதைத்தபோதும் காது பதறவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்றேன். விளங்கியதற்குப் பதில் சொன்னேன்.

முடிவில் அந்தப் பெண் சொன்னார். மொழிபெயர்ப்பவர் தேவைப்படவில்லை, எனக்கே விளங்கியது. "போன தடவை நீங்கள் வேகமாகப் பேசினீர்கள், நன்றாகவும் பேசினீர்கள். ஆனால் அது ஒலிப்பதிவு பேசியதுபோல இருந்தது. இன்று மெதுவாகப் பேசுகிறீர்கள். எங்கள் வயதானவர்களுக்கு இப்படித்தான் பேசவேண்டும், வந்து சேரும் பிள்ளைகளுக்கு அதைப் பழக்குவதுதான் எங்களுக்குக் கஷ்டம். இந்தப் பேச்சு யாரிடம் பழகினீர்கள்?"

"ஹஹா தேசு" என்றேன். உம்மாவிடம்.

இன்று காலை முகவர் சொல்லிவிட்டார். எடுத்திருக்கிறார்கள். பெருநாளுக்குப் பிறகு பயணம்.

செய்தியைக் கேட்டுவிட்டு நான் வாசல்படியில் இருந்தேன். சுலைஹா ராத்தா வேலிக்கு அப்பால் நின்று, "என்னகா, ஒரு மாதிரி இருக்காய்? ஜப்பான்காரன் என்ன சொன்ன?" என்று கேட்டா. நான் வாயைத் திறந்தேன். சொல் உடனே வரவில்லை.

"கிடைக்கல்லயா? உடுகா புள்ள, வேற ஒண்டு வரும். அல்லாஹ் இருக்கான்" என்று அவவே கதையை முடிக்கப் போனா.

"பொறுங்க ராத்தா, சொல்றன்" என்றேன்.

ராத்தா வேலியைப் பிடித்தபடி பேசாமல் நின்றா. நான் மூச்சை இழுத்துக்கொண்டு, என் நேரம் எடுத்துக்கொண்டு, நானாகச் சொன்னேன்.

அந்த நாட்டில் எனக்கு யாரையும் தெரியாது உம்மா. அறையில் தனியாகத்தான் இருப்பேன். தனியாகத்தான் சாப்பிடுவேன். அங்கே ஒருவர் என்னிடம் கதை கேட்டால், அந்த ஊர்க்காரர் வேகத்தில் எனக்கு வராது. ஒவ்வொரு சொல்லையும் பாடுபட்டு எடுத்து, பதம் பார்த்து, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் வைப்பேன். அவர்களுக்கு அது வெளிநாட்டுக்காரியின் தடுமாற்றமாகத் தெரியலாம். அது உங்கள் நடை. யார் திருத்த வந்தாலும் நான் மாற்றப்போவதில்லை.

அல்லாஹ் உங்கள் நாக்குக்கு அங்கே எல்லாச் சொல்லையும் திருப்பிக் கொடுத்திருப்பான். நிறையக் கதையுங்கள்.

உங்கள்
ஜெஸீ